காற்றுக்கு முந்திக் கரை சேர்தல்

சமனலவெவ நீர்த்தேக்கத்தைத் தோணியில் கடக்க ஆசைப்பட்டு வருகிறவர்கள் முதலில் கேட்பது, எத்தனை கிலோமீட்டர் என்றுதான். அதற்கு நான் கடைசியில்தான் பதில் சொல்வேன். எந்த மாதம் போகிறோம், எத்தனை மணிக்குத் தோணியை இறக்குகிறோம், காற்று எந்த மலை இடுக்கால் இறங்குகிறது என்பது தெரிந்த பிறகே தூரத்துக்கு அர்த்தம் வரும்.

பலாங்கொடைக்குக் கிழக்கே, பெலிஹுல்ஓயாவுக்குக் கீழே வளவை கங்கையை மறித்துக் கட்டிய அணை இது. 1992இல் வேலை முடிந்தது. உயரம் 110 மீட்டர். நிறைந்து நிற்கும்போது நீர்மட்டம் கடல்மட்டத்திலிருந்து 460 மீட்டர். நீர்ப்பரப்பு சுமார் 9 சதுர கிலோமீட்டர். உலகத்துப் பேரேரிகளோடு வைத்துப் பார்த்தால் சிறியதுதான். ஆனால் நடுநீரில் காற்றில் மாட்டியவனுக்கு எல்லா ஏரியும் பெரிய ஏரியே. பீலித் தண்ணீரிலும் ஓடைகளிலும் வளர்ந்த எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். மலைச்சரிவில் கால் பழகியவர்கள் நாங்கள். பிடித்து நிற்க ஒன்றுமில்லாத வெளியை வயது வந்த பிறகுதான் பார்க்கிறோம்.

இந்த இடத்தின் காற்றைப் பற்றி ஆயிரம் வருடத்துக்கு முன்பே அறிந்தவர்கள் இருந்தார்கள். அணைத் திட்டத்தை ஒட்டி நடந்த தொல்லியல் ஆய்வில், சுற்றியுள்ள மலைகளின் மேற்கு முகத்தில், உச்சிக்குச் சற்றுக் கீழே, இரும்பு உருக்கிய பழைய உலைகள் வரிசையாக வெளிப்பட்டன. கில் ஜூலெஃப் என்ற தொல்லியலாளர் அவற்றை ஆராய்ந்தார். துருத்தி இல்லாமல், தென்மேற்குப் பருவக்காற்றின் வேகத்தை மட்டும் வாங்கி எரிந்த உலைகள் அவை. அதே மாதிரி உலையைக் கட்டி, அதே காற்றில் இரும்பு உருக்கியும் காட்டினார். 1996இல் ‘நேச்சர்’ இதழில் அந்த ஆய்வு வெளிவந்தது. கி.பி. முதலாயிரத்தின் பிற்பகுதியில் அந்தச் சரிவுகளில் உலை வைத்தவர்கள், காற்று எந்த முகட்டில் மோதும், எத்தனை நாள் விடாமல் அடிக்கும் என்று பார்த்துத்தான் இடம் தேர்ந்திருப்பார்கள். வரைபடத்தை விரித்து வழி குறிக்கும்போதெல்லாம் அவர்களை நினைத்துக்கொள்கிறேன். கரியை இரும்பு உருகும் சூட்டுக்கு ஏற்றுகிற காற்று, ஒரு பைபர் தோணியை என்ன செய்யாது? ஜூன் முதல் செப்டெம்பர் வரை, முக்கியமாக ஆடி மாதத்தில், நான் இங்கே குறுக்கே கடக்கத் திட்டமே போடுவதில்லை. கரையோரமாக மட்டும் போய் வருவேன்.

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் பலம் நான்கு மடங்காகும். இரண்டு பேர் சாமானோடு அமைதியான நீரில் மணிக்கு 5 கிலோமீட்டர் போகலாம் என்றால், எதிர்க்காற்றில் அது பாதியாகும். இன்னும் ஏறினால் துடுப்பு போட்டும் தோணி நின்ற இடத்திலேயே நிற்கும். அங்கங்கே வெள்ளைத் தலை காட்டும் அலை எழும்பினால் காற்று மணிக்கு 12 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். பரவலாக வெள்ளை கண்டால் 20க்கு மேல். அதற்கப்புறம் நான் தோணியை இறக்குவதில்லை.

கரையில் நின்று பார்க்கும் கண் இந்த விஷயத்தில் நம்மை ஏமாற்றும். ஒரு தடவை கூட வந்த தோட்டத்துப் பையன் கேட்டான்: “அண்ணே, தண்ணி அசையவே இல்லையே, போயிருவமா?” நாங்கள் நின்றது காற்றுக்கு மறைவான கரை. முதுகுக்குப் பின்னால் மலை. காற்று எங்கள் தலைக்கு மேலே தாவி, கொஞ்ச தூரம் தள்ளித்தான் நீரில் இறங்கியது. அங்கிருந்து அது நீர்மேல் ஓடுகிற தூரம் கூடக் கூட அலையும் வளரும்; ஆகப் பெரிய அலை எதிர்க்கரையில்தான் இருக்கும். அதோடு, நம்மைவிட்டு விலகி ஓடும் அலையின் முதுகைத்தான் இந்தக் கரையிலிருந்து பார்க்கிறோம். அது மழமழவென்றிருக்கும், உடைகிற முகம் அந்தப் பக்கம். “அந்தக் கரையப் பாரு தம்பி” என்று தொலைநோக்கியைக் கொடுத்தேன். நீரும் நிலமும் சேரும் கோடு நேராக இல்லாமல் பல்பல்லாகத் துள்ளிக்கொண்டிருந்தது. அன்றைக்குத் தோணியை இறக்கவில்லை. பையனுக்கு வருத்தம்தான். ஆனால் இந்த ஒன்றைக் கண்ணால் பார்த்தவன் பிறகு மறக்கமாட்டான்.

அதனால் திட்டத்தில் முதலில் எழுதுவது நேரம். தெளிந்த இரவில் மேலே மலையில் குளிர்ந்த காற்று பள்ளத்தாக்கு வழியாகக் கீழே வடியும். வெயில் ஏறியதும் நிலம் சூடாகி, காற்று மேல்நோக்கித் திரும்பும். இந்த இரண்டுக்கும் நடுவில், விடிந்து கொஞ்ச நேரம், நீர் ஓய்ந்து கிடக்கும். அந்த இடைவேளைக்குள் நடுநீரைத் தாண்டிவிட வேண்டும். கனடாவில் ரோமத்தோல் வணிகத்துக்காக, 11 மீட்டர் நீள மரப்பட்டைத் தோணிகளை வலித்துப் பேரேரிகளில் போனவர்களும் விடியுமுன்னே கிளம்பி, காற்று எழும்பினால் கரையில் முகாம் போட்டு நாள்கணக்கில் காத்துக்கிடந்தார்கள். கூலிக்குச் சரக்கு சுமந்த, அவசரம் நிறைந்த மனிதர்கள் அவர்கள். அவர்களே காத்திருந்தார்கள் என்றால், விடுமுறைக்கு வந்த நமக்கு என்ன அவசரம்?

கனடாவின் அந்த ஏரிகளில் தண்ணீரின் குளிரே ஆளைக் கொன்றுவிடும். நமக்கு அந்தப் பயம் குறைவு. இடி மின்னல் பயம் அதிகம். மார்ச் பிற்பகுதியிலும் ஏப்ரலிலும், ஒக்டோபரிலும் நவம்பரிலும் காலை வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும், மத்தியானத்துக்கு மேல் மேகம் திரண்டு இடிக்கும். மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் ஒன்பது வினாடி எண்ண முடிந்தால் மூன்று கிலோமீட்டரில் இருக்கிறது என்று அர்த்தம். ஆனால் எண்ணிப் பார்க்கும் நிலைக்கு நடுநீரில் யாரும் வரக் கூடாது. எனக்குப் பிடித்தது பெப்ரவரி.

வழிக்கோட்டை நேராகப் போடுவதில்லை. காற்று வரும் பக்கத்துக் கரையை ஒட்டி ஏறி, மிகக் குறுகிய இடத்தில் குறுக்கே வெட்டுவேன். காற்று எழும்பினாலும் போகவேண்டிய கரைக்கே அது தள்ளிக்கொண்டு போகிற மாதிரிக் கோணம் பார்ப்பேன். இங்கே வரைபடத்தையும் முழுக்க நம்ப முடியாது. மின்சாரத்துக்கு நீர் இறங்க இறங்கக் கரை மாறும், முனைகள் நீளும், முழுகிக் கிடந்த மரத்தின் அடிகள் தலை நீட்டும். பாதி முழுகியதுதான் ஆபத்து. முதல் நாள் கரையில் நடந்து பார்ப்பேன், வலை போடுகிறவர்களிடம் விசாரிப்பேன். அவர்களைவிடச் சரியான வரைபடம் கிடையாது. அணைப் பக்கத்தையும் மின்நிலையத்துக்கு நீர் எடுக்கும் வாயையும் திட்டத்திலிருந்தே அடித்துவிடுவேன். அனுமதி கேட்காமல் தோணியைக் கொண்டுபோவதும் இல்லை.

உயிர்காப்பு அங்கியை உடம்பில் கட்டியிருக்க வேண்டும். காலடியில் கிடக்கும் அங்கி கவிழும்போது கைக்கு வராது. நீச்சல் தெரியாதவரை நான் ஏற்றுவதில்லை. எங்கள் பக்கம் இது கடுமையான விதி, பல பேர் மனம் நோகிறார்கள். முதலில் ஓடையின் ஆழம் குறைந்த தேக்கத்தில் நீந்தப் பழக்கிவிட்டு, பிறகு தோணி. அதைக் கூலி வாங்காமல் செய்துகொடுக்கிறேன், இனியும் செய்வேன்.

கடைசியாகத் திரும்பும் வழி. எதிர்க்கரையை அடைந்ததும் காற்று பிடித்துவிட்டால் தோணியை மேட்டில் ஏற்றிக் கவிழ்த்துக் கட்டிவிட்டு, நடந்து வீதிக்கு ஏறி, பலாங்கொடை பஸ்ஸில் வீடு வருவது என்று கிளம்புமுன்னே முடிவு செய்துகொள்கிறோம். மறுநாள் விடியற்காலையில் போய்த் தோணியை எடுத்துவரலாம். அதற்கான பஸ் காசை ஆளுக்கு ஒரு பொலித்தீன் உறையில் மடித்து, அங்கிப் பையில் வைத்துத் தைத்துவிடுவேன். வீட்டில் இருப்பவர்களிடமும் சொல்லிவைப்போம்: மத்தியானம் வரவில்லை என்றால் பயப்பட வேண்டாம், கடைசி பஸ்ஸையும் பாருங்கள், அதிலும் வரவில்லை என்றால் தேடச் சொல்லுங்கள்.