அலையில் பிறந்த இரண்டு சொற்கள்



இன்று ஒரு சின்ன ஆங்கில வகுப்பு. பயப்படாதீர்கள், பரீட்சை கிடையாது.

‘அபண்டன்ஸ்’ என்றால் ஏராளம் என்று படித்திருப்பீர்கள். அதற்குள் ‘உண்டா’ என்ற லத்தீன் சொல் இருக்கிறது. நம் ‘உண்டா, இல்லையா’ அல்ல. அலை என்று பொருள். அலை கரைக்குள் அடங்காமல் புரண்டு வழிவதுதான் அபண்டன்ஸ். நம் முன்னோருக்கும் இதே எண்ணம் இருந்திருக்கிறது. பழந்தமிழில் ‘வெள்ளம்’ என்பது ஒரு பேரெண்ணின் பெயர்.

‘மிரியட்’ கிரேக்கத்தில் வெறும் 10,000தான். இன்று அது எண்ணிலடங்காதது. ‘காப்பியஸ்’ வந்தது ‘கோப்பியா’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து. வளம் என்று அர்த்தம். ‘காப்பி’ என்ற சொல்லுக்கும் அதுவே வேர். கடைசி பெஞ்சில் இருந்தவர்கள் இதைக் கேட்டு ரொம்பவும் மகிழ வேண்டாம்.

‘ப்ளெத்தோரா’ முதலில் ஆங்கிலத்துக்கு வந்தது வைத்தியச் சொல்லாக. உடம்பில் இரத்தம் மிஞ்சிப்போன நோய்க்கு அந்தப் பெயர். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு! ‘கலோர்’ ஐரிஷ் மொழியிலிருந்து வந்தது. அங்கே அதற்கு ‘போதும் என்கிற அளவு’ என்றும் ‘நிறைய’ என்றும் பொருள். இரண்டுக்கும் ஒரே சொல் வைத்திருக்கிறார்கள் பாருங்கள்.

இதையெல்லாம் இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. லண்டனில் இருக்கும் நம் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் பேசினார். அவர் வேலை பார்த்த இடத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. அதில் ‘ரிடண்டண்ட்’ என்று ஒரு வார்த்தை. “தேவையில்லாதவன்னுதானே சார் அர்த்தம்?” என்று கேட்டபோது குரல் உடைந்துவிட்டது.

அந்தச் சொல்லிலும் அதே ‘உண்டா’தான் இருக்கிறது. அபண்டன்ஸின் உடன்பிறப்பு. லத்தீனில் அதற்கும் வழிந்தோடுவது என்றே பொருள். வழிந்துபோன தண்ணீரில் என்ன குறை? பாத்திரத்தில்தான் இடம் போதவில்லை. பிரிட்டனில் 1965இல் வந்த சட்டமும் இப்படி வேலை இழப்பவருக்கு இழப்பீடு கொடுக்கச் சொன்னது. இல்லாமல் போவது அந்தப் பணியிடம்; அதில் இருந்தவரின் திறமை அல்ல. இதைத்தான் அவரிடம் சொன்னேன்.

“வேர்ச்சொல்லை வைத்து வீட்டுக்கடன் கட்ட முடியுமா சார்?” என்றார். நியாயமான கேள்வி. ஆனாலும் கேட்கும்போது லேசாகச் சிரித்தார். எனக்கு அதுவே ஆறுதலாக இருந்தது.

கடனுக்கு வழி உங்களிடம்தான் இருக்கிறது. கணக்கு வழக்குப் பார்ப்பதில் கெட்டிக்காரர், 17 வருட அனுபவம். லண்டன் பக்கம் வேலை இருப்பதாகத் தெரிந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள். வேலை தேடி நிற்பவர்கள் நம்மில் வேறு யாரும் இருந்தாலும் கூச்சப்படாமல் சொல்லுங்கள். நம் கூட்டம் பெரிய கூட்டம். ஆளுக்கொரு வார்த்தை விசாரித்தாலே போதும்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்