உன் கேமரா பத்திரம்

ராமேஸ்வரம்,
காணும் பொங்கல் இரவு.

மாப்ளே,

முதலில் உன் கேமரா பத்திரம். உப்புக்காற்று லென்ஸில் படியப் படியத் துடைத்து, என் பனியன் ஒன்று வீணானதுதான் மிச்சம். இன்று எடுத்ததில் நாற்பது படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன். நைட் ஷிஃப்ட் முடிந்து தூங்கி எழுந்து பார். இந்தக் கடிதத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள். இல்லாவிட்டால் பாதிப் படம் வெறும் மணலாகத் தெரியும்.

முதல் படம் கலங்கல். பாம்பன் புதுப் பாலம்; 2025 ஏப்ரலில் திறந்தார்களே, கப்பல் வந்தால் நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே போகுமே, அது. 72.5 மீட்டர் நீளமுள்ள அந்தத் துண்டை ரயில் கடக்கும்போது பிள்ளைகள் ஜன்னலை அடைத்துக்கொண்டார்கள். பெயரில் மட்டும் கப்பல் உள்ள ஊரில் கண்மாயும் டோல்கேட்டும் பார்த்து வளர்ந்ததுகள். விலகச் சொல்ல மனசு வரவில்லை.

பன்னிரண்டிலிருந்து வரும் வெள்ளைப் புள்ளிகள் பூநாரைகள். கோதண்டராமர் கோயில் பக்கம் சேற்றுநீரில் நின்றன. தனுஷ்கோடியில் இவற்றுக்கென்றே 2025 ஜூனில் அரசு சரணாலயம் அறிவித்திருக்கிறது. “நம்ம கண்மாய்க் கொக்குதானப்பா” என்றாள் சின்னவள். கொக்கு குத்தித் தின்னும். இது அலகைத் தலைகீழாகக் கவிழ்த்துச் சேற்றை அரித்துத் தின்கிறது. அந்தத் தீனியில்தான் ரோஸ் நிறமே வருகிறது. ஒரு கல்லை விட்டெறிந்தால் மொத்தமும் பறக்கும், படம் அருமையாக வரும் என்று பக்கத்தில் நின்றவர் யோசனை சொன்னார். இரை தின்கிறதை எழுப்பியா படம் எடுப்பது? அதனால் சிறகு விரித்த படம் ஒன்றுகூட இல்லை. உள்சிறகின் சிவப்பை நீயே நேரில் வந்து பார்.

இருபத்தைந்தும் இருபத்தாறும் ஒரே இடத்தில் நின்று, திரும்பி நின்று எடுத்தவை. குளம்போல் கிடப்பது பெண்கடல், சீறுவது ஆண்கடல்.

அதற்கப்புறம் கொஞ்ச நேரம் படமே இல்லை. கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். எடுக்கலாமா என்று கேட்டேன். “எடுங்க, எடுத்துட்டுக் கயித்தப் பிடிங்க” என்றார் ஒரு அம்மா. பிடித்தோம். வலையைப் படகில் கொண்டுபோய் அரைவட்டமாக விட்டு, கயிற்றின் இரு முனையையும் கரையிலிருந்து இழுக்கிறார்கள். கை எரிந்துபோயிற்று. மடி கரைக்கு வந்தபோது கொஞ்சம் காரல், கொஞ்சம் சூடை. அத்தனை பேர் இழுத்ததற்கு அவ்வளவுதான்.

தனுஷ்கோடியின் இடிந்த தேவாலயத்தின் படம் ஒன்றே ஒன்று, அதிலும் நாங்கள் இல்லை. அதை இடித்த 1964 டிசம்பர் புயலில் பாசஞ்சர் ரயிலையே கடல் இழுத்துக்கொண்டு போன செய்தியைத் திருமங்கலம் டீக்கடையில் ஒருவர் சத்தமாகப் படிக்க, ஒன்பது வயதில் கேட்டவள் எங்கம்மா. எல்லோரும் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். நானும் குடும்பத்தை வரிசையாக நிறுத்தினேன். “செத்தவுக வீட்டு வாசல்ல நின்னு பல்லக் காட்டச் சொல்றியா?” என்று அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுத் தள்ளிப்போய் நின்றுகொண்டாள். கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டேன்.

குடும்பமாக இருப்பது முப்பத்தொன்றாவது படம் மட்டும். அம்மா கையில் வலைக்கயிறு. எடுத்தது வலைக்காரத் தம்பி ஒருவர். நான் எடுத்த முப்பத்தொன்பதையும்விட நன்றாக வந்திருக்கிறது. அதைத் திருமங்கலத்தில் கொடுத்துப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு வை. திங்கட்கிழமை கேமராவோடு வந்து வாங்கிக்கொள்கிறேன்.