பேன் பார்க்கும்போது தெரிகிற நோய்

கொத்மலைப் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்த எங்களுக்கு வயிற்றுவலிக்கு மூன்று காரணம்தான் தெரியும்: புழு, கண்ணூறு, சாப்பிடாமல் ஸ்கூலுக்குப் போனது. தலைமுடியை விழுங்கி, அது வயிற்றில் பந்தாகக் கிடக்கும் என்று எங்கள் லயங்களில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

2020 ஜனவரியில் கோயம்புத்தூர் வி.ஜி.எம். மருத்துவமனையில் 13 வயதுப் பிள்ளை ஒன்றின் வயிற்றிலிருந்து அரைக் கிலோ முடியும் வெறும் ஷாம்பு பாக்கெட்டுகளும் எடுத்தார்கள். அந்தச் செய்தி எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தபோது முதலில் விழுந்தது சிரிப்புப் பொம்மைகள்தான். எங்களில் ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. அம்மா வெளிநாட்டு வீட்டுவேலைக்குப் போன வருசம் அவள் தன் முடியைத் தானே பிடுங்கிக்கொண்டிருந்தவள். “பிடுங்குறப்ப வலிக்காதுடி, மனசு கொஞ்சம் லேசாகும்” என்றாள். நுனியைக் கடிப்பாளாம், விழுங்கியதில்லையாம். வீட்டில் அதைப் புழுவெட்டு என்று முடிவுகட்டி, மாதக்கணக்கில் சின்ன வெங்காயம் தேய்த்தார்கள்.

பிடுங்குகிற எல்லோரும் விழுங்குவதில்லை. விழுங்குகிற எல்லோருக்கும் பந்து உருவாவதுமில்லை. உருவாகிறவர்களில் பெரும்பாலோர் பதின்ம வயதுப் பெண் பிள்ளைகள். முடி செரிக்காது. வழுக்கிக்கொண்டு இரைப்பையின் மடிப்புகளில் தங்கி, சாப்பாட்டோடு சிக்கி வளரும். எந்த நிற முடியானாலும் அமிலத்தில் கறுத்துப்போகும். வால் போல் சிறுகுடலுக்குள் நீண்டால் அதற்கு ரபன்சல் நோய் என்று பெயர். 1968இல் வைத்த பெயர். படத்தில் பார்த்த அந்த நீளக்கூந்தல் இளவரசியேதான். வைத்தவர்களுக்கு ரசனை இருந்திருக்கிறது, பிள்ளையின் நிலைமைதான் கதை மாதிரி இல்லை: குடல் அடைபடலாம், ஓட்டை விழலாம்.

சிக்கல் என்னவென்றால், ஒவ்வொரு அறிகுறிக்கும் வீட்டில் ஒரு பதில் தயாராக இருக்கிறது. நாலு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிட்டால் கள்ளத்தனம். வாந்தி வந்தால் பித்தம். வெளிறிப்போனால் இரத்தம் குறைவு. வாய் நாறினால் பல் தீட்டவில்லை. மேல்வயிறு கட்டியாகப் புடைத்தாலோ, லயத்தில் எழும் முதல் கேள்வி எது என்று சொல்லத் தேவையில்லை. அந்தக் கேள்விக்குப் பயந்தே பிள்ளை தாவணியை இறக்கிக் கட்டும்.

ஸ்கேனில் அது வெளிச்சமான வளைவாகவும் அதன் பின்னே கறுப்பு நிழலாகவும் தெரியும். குடல் வாயு என்று நினைத்துவிடவும் இடமுண்டு. சீடி ஸ்கேன் இன்னும் தெளிவாகக் காட்டும். எண்டொஸ்கொப்பியில் நேரே பார்த்துவிடலாம். பெரிய பந்தைப் பெரும்பாலும் வயிற்றைத் திறந்துதான் எடுக்க வேண்டும். எடுத்த பிறகும் மனசைக் கவனிக்காவிட்டால் திரும்ப வரும். தேசிய மனநல உதவி இலக்கம் 1926.

ஆனால் “முடி சாப்பிடுவியா?” என்று அம்மா, பெரியம்மா, பக்கத்துக் கட்டில்காரர் எல்லோரும் நிற்கும்போது கேட்டால் எந்தப் பிள்ளை ஓம் என்று சொல்லும்? தனியாக, திட்டாமல் கேட்க வேண்டும்.

எங்கள் ஊரில் இதை டொக்டருக்கு முன்னாலேயே கண்டுபிடிக்கக்கூடியவர்கள் இருக்கிறார்கள். பின்னேரம் வாசற்படியில் பிள்ளையை உட்கார வைத்துப் பேன் பார்க்கிற அப்பாயிகள். புழுவெட்டு விழுந்த இடம் பொதுவாகக் காசு மாதிரி வழுவழுப்பாக இருக்கும். பிடுங்கிய இடத்தில் ஒன்று நெட்டை ஒன்று குட்டையாக முறிந்த முடி விரலில் குத்தும். அப்படிக் குத்தினால், நாவலப்பிட்டி ஆஸ்பத்திரிக்கு வயிற்றைக் காட்டப் போகும்போது தலையையும் காட்டுங்கள்.