பார்த்தீனியமும் அப்பாவின் கழுத்தும்

ஆகஸ்ட் 4, திங்கள்

கண் இமை வீக்கம் வடிந்துவிட்டதால் இன்று அப்பாவின் முதுகில் பேட்ச் டெஸ்ட் வைத்துவிட்டார்கள். புதன்வரை முதுகு நனையக் கூடாது. "எல்லாம் வெயில்தாம்மா" என்கிறார் இன்னமும். வெயில் என்றால் தாடைக்கு அடியிலும் காதுக்குப் பின்னாலும் எப்படித் தடிக்கும்? காற்றில் வருவதுதான் அங்கெல்லாம் போய்ப் படியும். தெருமுனை காலி சைட்டில் மழைக்குப் பிறகு இடுப்பளவு பார்த்தீனியம் பூத்து நிற்கிறது.

ஆகஸ்ட் 6, புதன்

பிளாஸ்திரியைப் பிரித்தார்கள். பார்த்தீனியம் வைத்த ஒரே ஒரு இடம் மட்டும் சிவந்து தடித்திருக்கிறது, தொட்டால் சுடுகிறது.

அந்தச் சூட்டை மூட்டியது அப்பாவின் உடம்புதான். செடியின் ரோமங்களில் உள்ள பார்த்தெனின் தோலின் புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. அதை அந்நியனாக அடையாளம் கண்ட டி செல்கள் திரண்டு வந்து இன்டர்ஃபெரான் காமாவைச் சுரக்கின்றன. அதன் தூண்டுதலில் தோல் செல்களும் பெருவிழுங்கி செல்களும் ஒரு நொதியை உண்டாக்கி, ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்திலிருந்து நைட்ரிக் ஆக்சைடு வாயுவைத் தயாரிக்கின்றன. சில நொடிகளே நிலைக்கும் வாயு. அதற்குள் ரத்தக் குழாயின் தசையைத் தளர்த்திவிடும். குழாய் விரியும், ரத்தம் பெருகும். சிவப்பும் சூடும் அப்படித்தான்.

ரத்த அழுத்தத்தைச் சீராக வைப்பதும் இதே வாயு. அந்தக் கண்டுபிடிப்புக்காகத்தான் 1998-இல் ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் நோபல் கிடைத்தது. ரத்தக் குழாய்ச் சுவரில் சிறுகச் சிறுகச் சுரப்பது, அழற்சியில் மணிக்கணக்கில் கொட்டுகிறது. மிஞ்சினால் பெராக்ஸிநைட்ரைட்டாக மாறி செல்களையே சிதைக்கும். அடியோடு நிறுத்தவும் வழியில்லை, கிருமியைக் கொல்லவும் புண் ஆறவும் அது வேண்டும். ஸ்டீராய்டு களிம்பு அந்த நொதி உருவாவதைக் குறைக்கிறது. அப்பாவுக்கு அது கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மறுபடி பார்த்தார்கள். சிவப்பு பரவி, பொடிப்பொடியாகக் கொப்புளம். பார்த்தீனியம்தான். "அப்போ வாக்கிங் போகவே கூடாதா?" என்று கேட்டார் அப்பா. வேறு பாதையில் போகலாம், வந்ததும் குளிக்க வேண்டும், ஜன்னலைச் சாத்திவைக்க வேண்டும் என்றார் டாக்டர்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

சைட்டில் குனிந்து பார்த்தேன். இலைகளில் வெளிர்மஞ்சளில் பழுப்புக் கோடு போட்ட வண்டுகள். இந்தச் செடியைத் தின்னவென்றே இவற்றை இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் மெக்சிகோவிலிருந்து தருவித்து, 1984-இல் இங்கே பெங்களூரில்தான் முதலில் விட்டது. இலையைச் சல்லடையாக்கியிருக்கின்றன; பூ அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு செடியும் ஆயிரக்கணக்கில் விதை உதிர்க்கும். செடியை விட்டுவிட்டுத் தோலுக்கு மட்டும் மருந்து போடுவதை வைத்தியம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

சைட்காரர் போனில் ஒத்துக்கொண்டார். புதனன்று ஆள் அனுப்புகிறாராம். கையுறையும் முழுக்கைச் சட்டையும் இல்லாமல் யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டேன். அதுவரை அப்பா தங்கவயலில் அத்தை வீட்டில் இருக்கட்டும். அங்கே வாசலில் இந்தச் செடி உண்டா என்று முதலில் கேட்க வேண்டும்.