ஒரு பயணத் திட்டம் கற்பித்த பாடம்

கடலூருக்கும் சிதம்பரத்திற்கும் இடையே ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தூரந்தான். ஆகவே, 'தொழில்நுட்பத் துறையில் பெண்கள்' என்னும் பொருளில் சிதம்பரத்தில் ஆசிரியர்களுக்கு இரண்டு நாள் பயிற்சிப் பட்டறை நடத்துவதென்று முடிவாகி, பயண ஏற்பாடு எங்கள் குழுவிடம் ஒப்படைக்கப்பட்டபோது, அதைப் பெரியதொரு பொறுப்பாக நாங்கள் எண்ணவில்லை. வண்டி ஒன்றை அமர்த்தி, காலை ஆறு மணிக்குக் கடலூரில் புறப்பாடு, இரவு ஒன்பது மணிக்குத் திரும்புதல் என்று எழுதிச் சுற்றறிக்கை அனுப்பிவிட்டோம்.

பெயர்ப் பட்டியல் வந்தது. பெண்களைப் பற்றிய பட்டறைக்குப் பெயர் கொடுத்தவர்களுள் பெரும்பாலோர் ஆண்கள்! அறிவியலும் கணிதமும் கற்பிக்கும் ஆசிரியைகள் நம் பள்ளிகளில் பலர் இருக்க, அவர்கள் ஏன் வரவில்லை? ஆர்வம் இல்லையென்று முடிவு கட்டுவது எளிது. அவ்வாறு சொன்னவர்கள் எங்களுள்ளும் இருந்தார்கள். ஆயினும் கேட்டே அறிவோம் என்று வீடுகளுக்குச் சென்றோம்.

கடலோரக் கிராமம் ஒன்றில் கணித ஆசிரியை ஒருவர், எட்டு மாதக் குழந்தையை இடுப்பில் ஏந்தியவாறு எங்களை வரவேற்றார். "வர வேண்டுமென்றுதான் ஆசை, சிஸ்டர். ஆறு மணிக்குக் கடலூரில் நிற்க வேண்டுமானால் இங்கிருந்து நாலரைக்கே கிளம்ப வேண்டும். அந்நேரத்தில் பஸ் ஏது? பால்குடி மறவாத பிள்ளையை யாரிடம் விட்டு வருவேன்?" என்றார். உள்ளிருந்து அவருடைய மாமியாரும், "ராத்திரி பத்து மணிக்கு மருமகள் தனியாக வந்து இறங்கினால் எங்களுக்கு நெஞ்சு பதறாதா, சிஸ்டர்?" என்று கேட்டார். அவர்கள் சொல்லியதில் பிழையொன்றும் இல்லை. பிழை எங்கள் சுற்றறிக்கையில் இருந்தது.

திரும்பி வரும் வழியில் இரு பெண்மணிகளைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தோம். இருவரைப் பற்றியும் பட்டறையில் உரை நிகழ்த்துவதாக இருந்தோம். ஒருவர் அ. லலிதா அம்மையார். 1919-இல் பிறந்து, 15 வயதில் மணமாகி, 18 வயதில் கைக்குழந்தையோடு கணவரை இழந்தவர். அக்காலக் கைம்பெண்ணுக்கு மூடியிருந்த கதவுகளைத் திறந்து, கிண்டிப் பொறியியற் கல்லூரியில் மின்பொறியியல் கற்று, நம் நாட்டின் முதல் பெண் பொறியாளர்களுள் ஒருவரானார். 1964-இல் நியூயார்க்கில் நடைபெற்ற பெண் பொறியாளர், அறிவியலாளரின் முதலாவது அனைத்துலக மாநாட்டிற்கும் சென்றார். அவருடைய அறிவும் துணிவும் பெரியவை. ஆனால், அவர் பணிக்குச் சென்றபோது குழந்தையைப் பேண உடன்பிறந்தாரின் குடும்பம் இருந்தது என்பதையும் மறத்தலாகாது.

மற்றவர் அமெரிக்க நாட்டு அருட்சகோதரி மேரி கென்னத் கெல்லர். 1932-இல் துறவற சபையில் சேர்ந்த இவர், 1965-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கணிப்பொறி இயலில் முனைவர் பட்டம் பெற்றார். அந்நாட்டில் அத்துறையில் அப்பட்டம் பெற்ற முதல் பெண்மணி இவரே. அயோவா மாநிலத்துக் கிளார்க் கல்லூரியில் கணிப்பொறித் துறையைத் தொடங்கி நடத்திய காலத்தில், பணிபுரியும் தாய்மாரைக் குழந்தைகளோடு வகுப்புக்கு வருமாறு ஊக்குவித்தார். இத்தகையவரைப் புகழ்ந்து பேச மேடை அமைத்த நாங்கள், தாய்மார் வர இயலாத நேரத்தில் வண்டியைப் புறப்படச் சொல்லியிருந்தோம்!

திட்டத்தை அடியோடு மாற்றினோம். பட்டறை பத்தரைக்குத் தொடங்கி மூன்றரைக்கு முடியும். மாலை விளக்கேற்றும் முன் அனைவரும் வீடு சேரலாம். பேருந்து வசதியற்ற ஊர்களுக்குச் சிறு வண்டி ஒன்று போய் அழைத்து வரும். தங்க விரும்புவோர்க்குக் கன்னியர் மடத்தில் இடம். குழந்தைகளுக்குத் தனி அறை; பார்த்துக்கொள்ள வீட்டுப் பெரியவர்களும் உடன் வரலாம். மாதமும் மாறியது. ஐப்பசி, கார்த்திகை மழை கடலூரை எப்படிச் சூழும் என்பதை 2015 நவம்பர் வெள்ளத்தில் கண்டவர்கள் நாம். ஆகவே பொங்கல் கழிந்து தை மாதத்தில் நாள் குறித்தோம். இரண்டாம் பட்டியலில் ஆசிரியைகளின் பெயர்களே மிகுந்திருந்தன.

கடலூருக்கு இரயில் நிலையங்கள் இரண்டு: திருப்பாதிரிப்புலியூர் ஒன்று, துறைமுகச் சந்திப்பு மற்றொன்று. எந்த நிலையத்தில் ஏறுவதென்று முன்கூட்டியே தெளிவாக எழுதாவிடில் பாதிப் பேர் ஓரிடத்திலும் மீதிப் பேர் வேறிடத்திலும் நிற்பார்கள். எழுதினோம், ஒருவரும் தவறவில்லை.

வண்டி ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் கடந்து பரங்கிப்பேட்டையை அடைந்தது. சிற்றூர்போல் தோன்றும் இவ்விடத்தில்தான், 1830-களில் ஹீத் என்னும் ஆங்கிலேயர் இரும்பாலை அமைத்தார். கனிமம் சேலத்துப் பக்கத்திலிருந்து வர வேண்டும். உலைக்கோ மரக்கரி வேண்டும். சுற்றுப்புறக் காடுகள் குறையக் குறையக் கரி கிடைப்பது அரிதாயிற்று, ஆலை நிலைக்கவில்லை. எங்களுடன் வந்த வரலாற்று ஆசிரியை இதைச் சொல்லிவிட்டு, "உலை இருந்தும் வழி இல்லாமற் போயிற்று" என்றார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

பிறகு வெள்ளாற்றுப் பாலம், அதற்கப்பால் கிள்ளை. கிழக்கே பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடுகள் இருக்கும் திசையைக் காட்டிக்கொண்டிருக்கையிலேயே சிதம்பரம் வந்துவிட்டது. மேற்கே ஆடலரசனின் கோபுரங்கள். இருப்புப்பாதைக்குக் கிழக்கே, 1929-இல் நிறுவப்பெற்ற பல்கலைக்கழகம் விளங்கும் அண்ணாமலை நகர். அங்கே 1945 முதலே பொறியியல் கற்பிக்கப்படுகிறது.

பட்டறையில் பேசப்பட்டவற்றை இங்கு விரித்துரைக்க இடமில்லை. அடுத்த அறையில் சேலையால் கட்டிய தூளியில் அந்த எட்டு மாதக் குழந்தை உறங்கிற்று. ஆட்டிக்கொண்டிருந்தவர் அதே மாமியார். இரண்டாம் நாள் எங்கள் கணித ஆசிரியை மேடையேறி, பத்தாம் வகுப்பில் கணக்கில் முதலாக வரும் பெண்கள் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் எங்கே மறைந்துபோகிறார்கள் என்று கேட்டார். மன்றம் அமைதியாயிற்று. மறைவதில்லை, போவதற்கு வழியின்றி வீட்டில் நிற்கிறார்கள் என்பதை அங்கிருந்தோர் அனைவரும் அறிவோம்.

மாலையில் அண்ணாமலை நகர் வழியே நடந்தபோது, மாமியார் பேத்தியைத் தோளில் சாய்த்துக்கொண்டு எங்களருகே வந்தார். கட்டடங்களை நெடுநேரம் பார்த்துவிட்டு, "சிஸ்டர், இங்கே பெண் பிள்ளைகள் தங்கிப் படிக்க விடுதி இருக்கிறதா?" என்று கேட்டார். இருக்கிறது என்றோம். மேலே ஒன்றும் கேட்கவில்லை; குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே நடந்தார்.

நம் அன்னை மரியா, கருவுற்றிருந்த எலிசபெத்தைக் காண மலைநாட்டுக்கு விரைந்து சென்றதை நற்செய்தியில் வாசிக்கிறோம். அங்கே அவருக்குக் கதவு திறந்திருந்தது. வரவேற்கும் குரலும் இருந்தது. கூட்டங்களும் கருத்தரங்குகளும் நடத்தும் அன்பர்களே, அழைப்பிதழை அச்சிடுமுன் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்: வர விரும்புகிறவர் எந்த நேரத்தில் புறப்பட வேண்டும், எப்படித் திரும்புவார், அவர் குழந்தை எங்கே உறங்கும்? இக்கேள்விகளுக்கு விடை கண்டபின் தலைப்பைத் தேர்ந்தெடுக்கலாம்.