மிச்சத் துண்டு

ஒர்க்‌ஷாப்பில் மிச்சம் விழும் இரும்புத் துண்டை ஒரு தடவையாவது பேன்ட் பையில் போட்டுக்கொண்டு ஹாஸ்டலுக்கு வராத மெக்கானிக்கல் மாணவன் உண்டா? நானும் ஒரு துண்டு கொண்டு வந்தேன். ஆனால் அது நம் ஒர்க்‌ஷாப் துண்டு அல்ல. என் மாமா பட்டறையில் மிஞ்சிய கத்தி இரும்பு.

மாமாவுக்குத் திருப்பாச்சேத்திப் பக்கம் பட்டறை. அந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலே எல்லோரும் கழுத்தைத் தடவிப் பார்க்கிறார்கள். சினிமா அப்படிப் பழக்கிவிட்டது. மாமாவிடம் வருகிறவர்களோ கருவேல முள் வெட்டவும், கதிர் அறுக்கவும், இளநீர் சீவவும் அருவாள் கேட்டு வருகிறவர்கள்தான். பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கும் லாரி ஸ்பிரிங் பட்டைதான் மூலப்பொருள். நாம் இ.என்.45 என்று படிக்கிறோமே, அந்த வகை. கார்பன் 0.5 முதல் 0.6 சதவீதம், சிலிக்கான் 1.5 முதல் 2 சதவீதம். மாமாவுக்கு இந்த நம்பரெல்லாம் தெரியாது. கிரைண்டரில் ஒரு நொடி வைத்து, பறக்கும் பொறியைப் பார்த்தே "இது பட்டை, இது வெறும் கம்பி" என்று பிரித்துப் போட்டுவிடுவார்.

பொங்கல் லீவில் ஒரு பட்டையை வெட்டியபோது கடைசியில் ஒரு துண்டு நின்றது. "இது உனக்குடா மாப்ளே. என்ன வேணும்னு யோசிச்சுச் சொல்லு, அடிச்சுருவோம். சம்மட்டி நீதான் போடணும்" என்றார்.

ஹாஸ்டலில் வெர்னியர் வைத்து அளந்தேன். 7 செ.மீ. அகலம், 5 செ.மீ. நீளம், 8 மி.மீ. கனம். ஆக 28 கன சென்டிமீட்டர். அடர்த்தி 7.85 என்று போட்டால் ஏறக்குறைய 220 கிராம். இதை வைத்து என்ன செய்யலாம்? அறையில் மகாநாடே கூடிவிட்டது. ஒருவன் ஸ்க்ரூ டிரைவர் என்றான். ஒருவன் லேத் டூல் என்றான். "டேய், இது 250 டிகிரி தாண்டினாலே சாஃப்ட் ஆக ஆரம்பிச்சுரும். ஹை ஸ்பீடு ஸ்டீல்தான் 600 வரைக்கும் தாங்கும்" என்று நான் புத்தகத்தை ஒப்பித்தேன். "அப்ப பேப்பர் வெயிட்டா வச்சுக்க" என்று எழுந்து போய்விட்டான்.

ஒருவன் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. பேர் வேண்டாம், அவனும் இந்த மலரைப் படிப்பான். அந்த வாரம்தான் மெஸ் வரிசையில் ஏதோ தகராறாகி, நாலு பேர் பார்க்க ஒரு சீனியர் அவனை அறைந்திருந்தார். விளக்கை அணைத்த பிறகு சொன்னான்: "மாப்ளே, அதுல எனக்கு ஒரு கத்தி அடிச்சுக் குடுடா. ஆறு இன்ச் போதும். குத்தவெல்லாம் இல்ல. கையில இருந்தா ஒரு தைரியம், அவ்ளோதான்."

உண்மையைச் சொல்கிறேன். எனக்குப் பயம் வரவில்லை, ஆசைதான் வந்தது. மறுநாளே டிராஃப்டர் மாட்டி, எலிவேஷன், பிளான் எல்லாம் போட்டு வரைந்துவிட்டேன். கணக்கும் இடித்துக் கொடுக்கவில்லை. இரண்டரை செ.மீ. அகலம், 4 மி.மீ. கனம் என்று நீட்டினால் பிடிக்குள் போகும் காம்போடு சேர்த்தே இரும்பு போதும். "அந்தப் பக்கமும் கூர் வச்சுடு" என்றான். வைத்தேன். என் மூன்று வருஷ டிராயிங்கில் அவ்வளவு சுத்தமாக நான் எதையும் வரைந்ததில்லை.

அடுத்த லீவில் மாமாவிடம் நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்.

"நல்லா வரைஞ்சிருக்க. யாருக்கு?"

"சும்மாதான் மாமா. பழம் வெட்ட."

"பழம் வெட்ட எதுக்குடா ரெண்டு பக்கமும் கூர்?"

என்னிடம் பதில் இல்லை. அவர் திட்டவும் இல்லை. டீயை ஆற்றிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "மூஞ்சியப் பாத்தே ரெண்டு பேரத் திருப்பி அனுப்பியிருக்கேன். ஒருத்தன் வேற பட்டறையில வாங்கிட்டான். அதுக்கு நான் என்ன செய்ய முடியும்? நான் அடிக்கல. அதுவரைக்கும்தான் என் கையில இருக்கு."

அன்று சாயங்காலம் அம்மா தன் களைக்கொத்தைத் தீட்டக் கொண்டுவந்தார். எங்கள் அரை ஏக்கர் மிளகாய்க்குக் களை வெட்டுவது அதுதான். தேய்ந்து தேய்ந்து இரண்டு விரல் அகலம்கூட மிச்சம் இல்லை. "இனிமே தீட்டுறதுக்கு இதுல இரும்பு எங்கக்கா இருக்கு?" என்றார் மாமா. நான் டிராயிங் தாளை மடித்து உலையில் போட்டேன்.

மறுநாள் காலை உலை மூட்டினோம். 3 மி.மீ. கனத்துக்கு அடித்து விரித்து, ஒரு முனையைக் காம்பாக இழுத்தோம். என் கை கொப்பளித்துப் போனது. தோய்ச்சலுக்காகச் சூடேற்றும்போது காந்தத்தைக் காட்டினேன், ஒட்டவில்லை. 770 டிகிரியில் இரும்பு காந்தத்தை மறக்கும் என்று பரீட்சையில் எழுதியதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். இன்னும் கொஞ்சம் சிவக்க விட்டு, வாய்ப்பக்கத்தை மட்டும் பழைய ஆயிலில் தோய்த்தார். தண்ணீர் என்றால் இந்த இரும்பு விரிசல் விட்டுவிடுமாம். வெளியே எடுத்துச் செங்கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்க, மேலே மிச்சமிருந்த சூடு மெல்ல வாய்ப்பக்கம் இறங்கியது. வைக்கோல் நிறம், பழுப்பு, ஊதா என்று நிறம் நடந்து வந்தது.

"வைக்கோல்ல நிறுத்துனா சவரக் கத்தி மாதிரி நிக்கும். கல்லுல பட்டா பல்லுப் போயிரும். களைக்கொத்துக்கு ஊதா வரணும். இப்ப!" என்றார். முழுவதையும் முக்கினேன். 230 டிகிரிக்கும் 280 டிகிரிக்கும் நடுவில் சில நொடிதான். அந்த நொடியில் எது யாருக்கு என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஹாஸ்டல் திரும்பியதும் நண்பனிடம், "துண்டு தீந்துபோச்சுடா, எங்கம்மாவுக்குக் களைக்கொத்து அடிச்சுட்டேன்" என்றேன். முறைத்தான். ஒரு வாரம் பேசவில்லை. சண்டை என்னவாயிற்று என்கிறீர்களா? அவனும் அந்தச் சீனியரும் ஒரே அரியர் பேப்பருக்குப் பக்கத்துப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். இப்போது ஒரே சிகரெட்டைப் பாதிப் பாதியாக இழுக்கிறார்கள். ஆறு இன்ச் இரும்பு அன்று அவன் பெட்டியில் இருந்திருந்தால் இந்த வரியை நான் எழுதியிருப்பேனா, தெரியாது.

அம்மாவிடம் களைக்கொத்தைக் கொடுத்தபோது ஏதாவது பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன். இரண்டு பாத்தி வெட்டிப் பார்த்துவிட்டு, "கைப்பிடிதான் கொஞ்சம் நீளமாப் போச்சு" என்றார். போன வாரம் போயிருந்தபோது பார்த்தேன். பிடியை அரை சாண் அறுத்துவிட்டு அதே கொத்தால்தான் வெட்டிக்கொண்டிருந்தார்.

— மூன்றாம் ஆண்டு, மெக்கானிக்கல்