பழவேற்காட்டில் ஒரு நாள்

பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் கும்மிடிப்பூண்டியிலிருந்து பழவேற்காட்டிற்குச் சுற்றுலா சென்றோம். தொல்லியல் துறையினர் பாதுகாத்துவரும் டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாயிலில் எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கியிருப்பதைக் கண்டு வியந்தோம்.

உள்ளே, ஹாலந்து நாட்டுத் தம்பதியர் இருவருக்கு வழிகாட்டி ஒருவர் ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருந்தார். நாங்களும் செவிமடுத்தோம். டச்சுக்காரர் 1613-ஆம் ஆண்டு இங்கு ஜெல்ட்ரியா கோட்டையைக் கட்டினர். நம் நெசவாளர் நெய்த துணிகளைக் கப்பலேற்றினர். பஞ்சத்தில் விலைபோன ஏழைகளையும் அடிமைகளாகப் பத்தேவியாவுக்கு அனுப்பினர்.

அம்மையார் கற்களில் தம் மொழியில் பொறித்திருந்த பெயர்களை வாய்விட்டுப் படித்தார்.

"ஐயா, அந்த அடிமைகளின் கல்லறைகள் எங்கே?" என்று எங்களுள் ஒருத்தி கேட்டாள்.

"கடல் கடந்து போனவர்களுக்கு இங்கே கல் ஏதம்மா?" என்றார் வழிகாட்டி.

அவர் அதை ஆங்கிலத்தில் சொன்னதும் தம்பதியர் மௌனமாயினர். பெயருள்ளோருக்காகவும் பெயரற்றோருக்காகவும் நாங்கள் சேர்ந்து செபித்தோம். அவர்களும் எங்களோடு நின்றனர்.